படத்தைப் பார்த்து கேஜ் சொல்ல முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ஒரே ஸ்டேஷனில், ஒரே பாதையை, ஒரு முறை பிளாட்பாரத்தின் முனையில் நின்றும் இன்னொரு முறை நடைமேம்பாலத்தின் மேலிருந்தும் படம் எடுத்திருக்கிறீர்கள். முதல் படத்தில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே நல்ல அகலம். இரண்டாவதில் மலை ரயில் பாதைபோல ஒடுங்கிக் கிடக்கிறது. லென்ஸ் செய்த வேலையா, அல்லது அங்கே இரண்டு விதமான கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி, இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். ஒரு படத்தை மட்டும் பார்த்து அது அகலப்பாதை, இது மீட்டர் கேஜ் என்று சொல்ல முடியுமா என்பது கூடவே வரும் கேள்வி. தண்டவாளப் பராமரிப்பில் பல வருடம் வேலை பார்த்தவன், அதே தண்டவாளங்களை விடாமல் படம் எடுப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். முதல் கேள்விக்கு நேரடியான பதில்: லென்ஸும் காரணமில்லை, கேஜும் காரணமில்லை. கேமரா இருந்த உயரம்தான் காரணம். இரண்டாவது கேள்விக்கு, அந்த உயரம் தெரிந்தால் பெரும்பாலும் சொல்லலாம், தெரியாவிட்டால் ஊகம்தான்.

முதலில் கேஜ் என்பதை எங்கே அளக்கிறோம் என்று தெளிவாகிவிட வேண்டும். பலர் ஒரு தண்டவாளத்தின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடுவுக்கு என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டு தண்டவாளங்களின் உள்முகங்களுக்கு இடையே உள்ள தூரம்தான் கேஜ். தண்டவாளத்தின் மேல்பகுதியைத் தலை என்போம். அந்தத் தலையின் உச்சியிலிருந்து கொஞ்சம் கீழே, ஐரோப்பிய முறைப்படி 14 மி.மீ. கீழே, உள்பக்கமாக அளக்க வேண்டும். சக்கரத்தின் உள்ளோரத்தில் கீழே இறங்கி நிற்கும் உதடு வந்து உரசும் இடம் அதுதான். அளப்பதற்கு கேஜ் பார் என்று ஒன்று உண்டு. ஒரு முனையில் அசையாத காது, மறுமுனையில் நகரும் காது. அசையாத காதை ஒரு உள்முகத்தில் ஒட்டிவைத்து, மறுமுனையை லேசாக முன்னும் பின்னும் ஆட்டி, மிகக் குறைவான அளவு எங்கே வருகிறதோ அதைப் படிக்க வேண்டும். சற்றே சாய்த்துப் பிடித்தாலும் அளவு கூடிவிடும். ஒரே பாதையில் பத்து ஸ்லீப்பர் (தண்டவாளங்களுக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை) தள்ளி வைத்தால் இங்கே இரண்டு மி.மீ. கூட, அங்கே ஒன்று குறைவு என்று காட்டும். கூர்மையான வளைவுகளில் சக்கரம் இறுகாமல் போவதற்காக வேண்டுமென்றே சில மி.மீ. அகலம் விடுவதும் உண்டு. ஆகவே புத்தகத்தில் இருக்கும் எண் பெயரளவுக்கான அளவு. தரையில் கிடக்கும் பாதை அதைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் ஊசலாடிக்கொண்டே இருக்கும். கேஜைப் படத்திலிருந்து எடுக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

உலகத்தில் புழக்கத்தில் உள்ள முக்கிய அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். உலக ரயில்பாதைகளில் பாதிக்கும் மேல் 1435 மி.மீ., அதாவது ஸ்டாண்டர்டு கேஜ். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பங்களாதேஷின் ஒரு பகுதி, அர்ஜென்டினா ஆகிய இடங்களில் அகலப்பாதை 1676. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் 1668. அயர்லாந்தில் 1600. ரஷ்யாவிலும் பழைய சோவியத் நாடுகளிலும் 1520. பின்லாந்து அதற்கு முந்தைய 1524-இலேயே நின்றுவிட்டது. தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, ஜப்பானின் சாதாரண ரயில்கள், இந்தோனேசியா ஆகியவை 1067. அப்புறம் மீட்டர் கேஜ், பெயரிலேயே இருப்பதுபோல 1000. அதற்கும் கீழே 762, 610 என்று குறுகிய பாதைகள். கல்கா–சிம்லா 762, டார்ஜிலிங் 610. மலை ரயில் என்றாலே குறுகிய பாதைதான் என்று முடிவுகட்ட வேண்டாம், நீலகிரி மலை ரயில் ஓடுவது மீட்டர் கேஜில்.

ஏன் இத்தனை என்று அடுத்து கேட்பீர்கள். நம்பிச் சொல்லக்கூடிய பகுதி இது: இங்கிலாந்தின் வடகிழக்கில் நிலக்கரி வண்டிகள் ஓடிய பாதைகளின் அளவை ரயில் முன்னோடி ஜார்ஜ் ஸ்டீஃபன்சன் எடுத்துக்கொண்டார். 4 அடி 8 அங்குலமாக இருந்ததில், சக்கரம் தாராளமாக ஓட அரை அங்குலம் பிறகு சேர்ந்தது. 1435 என்ற விசித்திரமான எண் அப்படி வந்தது. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேக்காகப் பொறியாளர் புருனெல் 7 அடிக்கும் கால் அங்குலம் கூடுதலாகப் பாதை போட்டார். 1846-இல் பிரிட்டனில் கேஜ் சட்டம் வந்து ஸ்டாண்டர்டு பக்கம் சாய்ந்தது. இருந்தும் புருனெலின் பாதை 1892 மே மாதம் வரை தாக்குப்பிடித்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 5 அடிப் பாதைகள் இருந்தன. 1886 மே 31, ஜூன் 1 என்று இரண்டே நாளில், பல ஆயிரம் மைல் நீளத்துக்கு ஒரு பக்கத் தண்டவாளத்தை 3 அங்குலம் உள்ளே நகர்த்தி முடித்தார்கள். ஆணிகளை முன்கூட்டியே அடித்துவைத்துக் காத்திருந்த அந்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கும். ரோமானியர் ரதச் சக்கரத்தின் அகலம்தான் 1435 என்று ஒரு கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது. குதிரை பூட்டிய வண்டிகளின் அகலம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது என்ற அளவுக்கு அதில் உண்மை உண்டு. ரோமிலிருந்து நேராக வந்த அளவு என்பதற்கு ஆதாரம் இல்லை.

சரி, உங்கள் இரண்டு படங்களுக்கு வருவோம். நேரான பாதையை எதிரே பார்த்து எடுத்தால், இரண்டு தண்டவாளங்களும் தொடுவானத்தில் ஒரு புள்ளியில் கூடுவதுபோலத் தெரியும். அதை மறைபுள்ளி என்பார்கள். அந்தப் புள்ளியிலிருந்து கீழே விரியும் முக்கோணம்தான் நம் கண் ‘அகலம்’ என்று எடுத்துக்கொள்வது. இப்போது அந்த முக்கோணத்தில் எந்த உயரத்திலாவது ஒரு படுக்கைக்கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே எத்தனை பிக்சல் என்று எண்ணுங்கள். அதே கோட்டிலிருந்து மறைபுள்ளி எத்தனை பிக்சல் மேலே இருக்கிறது என்றும் எண்ணுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது, கேஜை கேமராவின் உயரத்தால் வகுத்த எண். தண்டவாளத்தின் அருகில் உள்ள பகுதியில் அளந்தாலும் தொலைவில் உள்ள பகுதியில் அளந்தாலும் ஒரே விடைதான் வரும், ஏனென்றால் தூரம் கூடக்கூட அகலமும் இறக்கமும் ஒரே விகிதத்தில் சுருங்குகின்றன. இந்தக் கணக்கில் லென்ஸ் எங்கேயுமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நின்ற இடத்திலேயே நின்று ஜூம் செய்து பாருங்கள், முக்கோணத்தின் கோணம் அப்படியே இருக்கும். தூரத்தை இழுத்துக் காட்டும் டெலிபோட்டோ லென்ஸ் செய்வது அதன் உச்சிப் பகுதியை வெட்டி எடுத்துப் பெரிதாக்கிக் காட்டுவதுதான். அதில் ஸ்லீப்பர்கள் நெருக்கியடித்து நிற்பதாகத் தெரிவதும் நாம் தூரத்தில் உள்ள பகுதியைப் பார்ப்பதால்.

எண் போட்டுப் பார்த்தால் உங்கள் குழப்பம் தீர்ந்துவிடும். அகலப்பாதை 1676 என்று வைத்துக்கொள்வோம். தண்டவாளத்தின் தலையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கேமரா இருந்தால் விகிதம் 1.12. பிளாட்பாரத்தில் நின்றால் பிளாட்பாரத்தின் உயரமும் சேர்ந்துகொள்ளும். இந்தியாவின் உயர்மட்டப் பிளாட்பாரம் தண்டவாளத்துக்கு மேலே 760 முதல் 840 மி.மீ., பிரிட்டனில் 915, ஐரோப்பாவில் பல இடங்களில் 550 அல்லது 760. 800 என்று கொண்டால் கேமரா 2.3 மீட்டரில் இருக்கிறது, விகிதம் 0.73 ஆகிவிடுகிறது. 8 மீட்டர் உயர நடைமேம்பாலத்தில் ஏறினால் 0.21. அதே பாதை, அதே நாள், முக்கோணம் மட்டும் ஊசிபோல ஆகிவிட்டது. இன்னொன்றையும் பாருங்கள்: மீட்டர் கேஜை 1.5 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்தால் விகிதம் 0.67. பிளாட்பாரத்திலிருந்து எடுத்த அகலப்பாதையின் 0.73-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், முக்கோணத்தை மட்டும் நம்பி எது எது என்று சொல்ல அனுபவசாலிக்கும் கஷ்டம். கேமராவைத் தாழ்த்தித் தண்டவாளத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வைத்தால் 610 மி.மீ. பொம்மைப் பாதைகூட நெடுஞ்சாலைபோல விரியும். ‘அகலமாகத் தெரிகிறது, அதனால் அகலப்பாதை’ என்று படத்தைப் பார்த்துச் சொல்பவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

இதைத் திருப்பிப்போட்டால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை. கேமராவின் உயரம் தெரியும் என்றால், விகிதத்தை அந்த உயரத்தால் பெருக்குங்கள், கேஜ் வந்துவிடும். மறைபுள்ளியிலிருந்து 1000 பிக்சல் கீழே கோடு போட்டு, அங்கே தண்டவாளங்களின் உள்முகங்களுக்கு நடுவே 730 பிக்சல் இருக்கிறது, கேமரா தண்டவாளத்துக்கு மேலே 2.3 மீட்டரில் இருந்தது என்றால் 1.68 மீட்டர். அகலப்பாதை. தொடுவானம் மரத்திலோ கட்டடத்திலோ மறைந்திருந்தால் கவலை இல்லை, இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்பிலும் கோடு போட்டு நீட்டினால் சேரும் இடம்தான் மறைபுள்ளி. கேமராவைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்திருந்தாலும் பெரிய மோசமில்லை, 10 டிகிரி சாய்வுக்குப் பிழை 1.5 சதவீதம்தான். படத்தின் ஓரத்தை வெட்டியிருந்தாலும் கணக்கு மாறாது.

ஆனால் இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். உயரத்தை 10 செ.மீ. தப்பாகச் சொன்னால் 1.5 மீட்டரில் அதுவே கிட்டத்தட்ட 7 சதவீதப் பிழை. அகலப்பாதைக்கும் ஸ்டாண்டர்டு கேஜுக்கும் உள்ள வித்தியாசம் 17 சதவீதம், ஆகவே அதைப் பிரித்துவிடலாம். மீட்டர் கேஜையும் ஸ்டாண்டர்டையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கலாம். 1435-ஐயும் 1520-ஐயும் பிரிப்பது உயரத்தை டேப் வைத்து அளந்திருந்தால் மட்டுமே சாத்தியம், 1000-க்கும் 1067-க்கும் அப்படியே. 1676-ஐயும் 1668-ஐயும் எந்தப் படத்திலும் பிரிக்க முடியாது, தேய்மானமே அந்த 8 மி.மீ.-ஐ விழுங்கிவிடும். வளைவில் இந்த முறை வேலை செய்யாது. சரிவு மாறுகிற இடத்திலும் அப்படித்தான். போனில் உள்ள மிக அகன்ற லென்ஸ் ஓரங்களை இழுத்துவிடும் என்பதால், பாதை படத்தின் நடுப்பகுதியில் இருக்கும்படி சாதாரண லென்ஸிலேயே எடுங்கள். வளைவில் இன்னொரு தொல்லையும் உண்டு: ரயில் வேகமாகத் திரும்புவதற்காக வெளிப்பக்கத் தண்டவாளத்தை உயர்த்தியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுப் படம் சாய்ந்துவிட்டது என்று எடிட்டிங்கில் நேராக்கினால் பக்கத்துக் கம்பங்கள் சாய்ந்துபோகும். மட்டம் பார்ப்பதற்குக் கம்பத்தை நம்புங்கள், தண்டவாளத்தை நம்பாதீர்கள்.

உயரம் தெரியாத படம் என்றால் துணைச் சாட்சிகளைத் தேட வேண்டும். மேம்பாலத்திலிருந்து நேர் கீழே பார்த்து எடுத்த படம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் எல்லாம் ஏறக்குறைய ஒரே தளத்தில் இருக்கும், விகிதங்கள் நேராகப் பேசும். கனரகப் பாதைகளில் பரவலாகப் போடப்படும் மீட்டருக்கு 60 கிலோ தண்டவாளத்தின் தலை 72 மி.மீ., அடிப்பாகம் 150 மி.மீ., உயரம் 172 மி.மீ. அந்தத் தலையின் அகலத்தை அளவுகோலாக வைத்து இரண்டுக்கும் நடுவே எத்தனை தலை அடங்கும் என்று எண்ணினால், அகலப்பாதையில் 23, ஸ்டாண்டர்டில் 20. 52 கிலோ தண்டவாளம் என்றால் தலை 67 மி.மீ., எண்ணிக்கை மாறிவிடும். இதனால் இது துணைச் சாட்சி மட்டுமே. ஸ்லீப்பரும் அப்படித்தான். இந்திய அகலப்பாதையின் கான்கிரீட் ஸ்லீப்பர் 2.75 மீட்டர், ஐரோப்பிய ஸ்டாண்டர்டு கேஜில் 2.6 மீட்டர் சாதாரணம். கேஜ் 24 செ.மீ. குறைந்தும் ஸ்லீப்பர் 15 செ.மீ. மட்டுமே குறைகிறது, ஆகவே ஸ்டாண்டர்டு கேஜில் தண்டவாளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி சற்று நீளமாகத் தெரியும். ஆனால் நாட்டுக்கு நாடு ஸ்லீப்பர் மாறும். கேஜ் மாற்றத்துக்குத் தயாராக இரண்டு ஜோடி பொருத்து இடங்கள் வைத்த ஸ்லீப்பர்களும் ஸ்பெயின், ஆஸ்திரேலியாவில் கிடக்கின்றன. ரயில்பெட்டி படத்தில் இருந்தால் நல்லது. ஜப்பானின் 1067 பாதையில் கிட்டத்தட்ட 3 மீட்டர் அகலப் பெட்டிகள் ஓடுகின்றன, நேர் எதிரே பார்த்தால் அகலமான உடம்பு, ஒடுங்கிய கால்கள். இந்திய அகலப்பாதையில் 3.25 மீட்டர்ப் பெட்டி 1676-இல் கால் பரப்பி உறுதியாக நிற்பதுபோலத் தெரியும்.

மூன்று தண்டவாளம் கண்ணில் பட்டதும் ‘இரட்டை கேஜ்’ என்று எழுதிவிடுகிறவர்கள் நிறைய. நின்று தலையைப் பாருங்கள். சக்கரம் ஓடுகிற தண்டவாளத்தின் தலையில் மட்டுமே கண்ணாடிபோன்ற ஒரு பளபளப்புப் பட்டை இருக்கும். பாலத்தின் மேலும் லெவல் கிராசிங்கிலும் உள்பக்கமாக ஒட்டிப் போட்டிருக்கும் கூடுதல் தண்டவாளங்கள் துருப்பிடித்து மங்கிக் கிடக்கும். பாலத்தில் இருப்பது தடம்புரண்ட சக்கரம் விலகி ஓடாமல் தடுப்பதற்கு, கிராசிங்கில் இருப்பது சக்கரத்தின் உதடு போக இடைவெளி காப்பதற்கு. சில மெட்ரோக்களில் பாதைக்கு வெளியே, சற்று உயரத்தில், மூடியோடு ஓடுவது மின்சாரத் தண்டவாளம். நீலகிரியில் நடுவே இருப்பது பல்சட்டம், பல்லும் பள்ளமும் மாறிமாறி வரும்படி இரண்டு வரிசை. உண்மையான இரட்டை கேஜில் மூன்றுமே பளபளக்கும், அவற்றில் ஒன்று இரண்டு கேஜ் ரயில்களுக்கும் பொது. பங்களாதேஷில் 1676-உம் 1000-உம் இப்படிச் சேர்ந்து ஓடுகின்றன. இரண்டு கேஜுக்கும் வித்தியாசம் 676 மி.மீ. என்பதால் மூன்றாவதை வைக்கத் தாராளமாக இடம் உண்டு. 1520-உம் 1435-உம் என்றால் வித்தியாசம் வெறும் 85. தண்டவாளத்தின் அடிப்பாகமே 150 மி.மீ. இருக்கும்போது பக்கத்தில் பக்கத்தில் இரண்டை வைக்க வழியில்லை. அதனால்தான் அந்த எல்லைகளில் நான்கு தண்டவாளம் போடுகிறார்கள், அல்லது பெலாரஸ் எல்லையில் உள்ள பிரெஸ்ட் போன்ற ஊர்களில் செய்ததுபோல, பெட்டியையே ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் உள்ள சக்கரத் தொகுதியை (போகி) மாற்றுகிறார்கள்.

அந்தப் பளபளப்புப் பட்டைதான் படம் எடுப்பவருக்கும் சொத்து. சூரியன் தாழ்ந்திருக்கும் நேரத்தில், வெளிச்சம் பாதையின் நீளவாக்கில் எதிரே வரும்போது அந்தப் பட்டை வெள்ளிக் கம்பியாக எரியும், ஜல்லி இருட்டில் போகும். கேமரா ஜல்லியைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிட்டால் பட்டை விவரமே இல்லாமல் வெறும் வெள்ளையாகிப்போகும். ஒளியை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) குறைத்து எடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப்பும் வெல்டிங் தழும்பும் தேய்மானமும் ஒவ்வொன்றாக எழுந்து வரும். கேஜைக் கண்டுபிடிக்க வேண்டிய படத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுப்பதே நல்லது, உள்விளிம்பு கூர்மையாகத் தெரியும். தலையின் மேல் பட்டை எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது, வளைவில் வெளித் தண்டவாளத்தின் உள்மூலை எவ்வளவு தேய்ந்து சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் நல்ல படத்தில் படிக்கலாம். சக்கரங்கள் அந்த இடத்தில் எப்படிப் போயிருக்கின்றன என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எங்கே நின்று எடுப்பது என்பதில் மட்டும் நான் வளைந்துகொடுக்க மாட்டேன். பாதைக்குள் இறங்கக் கூடாது, தண்டவாளங்களுக்கு நடுவே உட்கார்ந்து எடுக்கக் கூடாது, ‘இங்கே ரயிலே வராது’ என்று யார் சொன்னாலும் சரி. பெரும்பாலான நாடுகளில் அது தண்டனைக்குரிய குற்றம், அது ஒருபக்கம் இருக்கட்டும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடியில் 28 மீட்டர் கடக்கிறது. வ்யூஃபைண்டரில் கண் வைத்திருப்பவருக்கு, அதிலும் டெலிபோட்டோவில், எதிரே வரும் ரயில் நகராமல் நிற்பதுபோலவே தெரியும். வெல்டு செய்த நீளத் தண்டவாளத்தில் பழைய தடக் தடக் சத்தமும் இல்லை. பாதையில் வேலை செய்யும் எங்களுக்கே, ரயில் வருவதைப் பார்த்துச் சொல்வதற்கென்று தனியாக ஒருவர் நிற்பார், அவர் வேறு எந்த வேலையும் செய்ய மாட்டார். தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி இருக்கும் இடத்தில் நடைமேம்பாலத்திலிருந்து செல்ஃபி ஸ்டிக்கையோ மோனோபாடையோ வெளியே நீட்டாதீர்கள், தொடாமலேயே பாயும். பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று, தாழ்ந்த கோணம் வேண்டுமென்றால் குனிந்து எடுத்தாலே முக்கோணம் நன்றாக விரியும்.

அடுத்த முறை அதே ஸ்டேஷனுக்குப் போகும் முன், நின்றபடி படம் எடுக்கும்போது கேமரா தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று வீட்டிலேயே அளந்துவைத்துக்கொள்ளுங்கள். பிளாட்பாரம் எவ்வளவு உயரம் என்பதற்கு மேலே சொன்ன எண்களில் உங்களுக்குப் பொருந்துவதைச் சேர்த்துக்கொண்டு, கையில் இருக்கும் முதல் படத்திலேயே கோடு போட்டுப் பாருங்கள். 1.6-க்கும் 1.75-க்கும் நடுவே விடை வந்தால் அது அகலப்பாதை. 1.4, 1.5 என்று வந்தால் ஸ்டாண்டர்டு பக்கம். இரண்டுக்கும் நடுவே ஊசலாடினால், மேம்பாலத்திலிருந்து நேர் கீழே பார்த்து ஒரு படம் எடுத்துத் தலைகளை எண்ணுங்கள்.